கிரெடிட் கார்டு பாக்கி ஏறிவிட்டதா? பேங்கோடு பேசும் முறை

தண்டையார்ப்பேட்டையில் எங்கள் தெருவில் தண்டல் வாங்காத வீடு குறைவு. பத்தாயிரம் என்று பேசி, 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக நூறு நாள் வசூல். அந்தக் கணக்கு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கார்டு கணக்குதான் பிடிபடுவதில்லை. எனக்கும் பிடிபடவில்லை, பாக்கி 80,000 ஆகும்வரை.

அதனால் பேங்குக்கு போன் போடுமுன் ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். மாத வட்டி அதில் இருக்கும். என்னுடையது 3.5 சதவீதம். 80,000-க்கு 2,800 ரூபாய். வட்டிமேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 504. மொத்தம் 3,304. நான் ‘மினிமம் டியூ’ (அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) என்று 4,000 கட்டி நிம்மதியாக இருந்தேன். அசலில் கழிந்தது வெறும் 696! பாக்கி நிற்கும்போது புதிதாகத் தேய்த்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும். கார்டை பீரோவில் போட்டுப் பூட்டுங்கள்.

அடுத்து, வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மளிகை, கேஸ் எல்லாம் போக மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எனக்கு 4,500 வந்தது. போனில் யார் எவ்வளவு உருகினாலும் அதற்குமேல் ஒத்துக்கொள்ளக் கூடாது. தண்டல் வாங்கி கார்டை அடைக்கும் யோசனையும் வேண்டாம்.

இப்போது பேசலாம். சம்பளம் வந்துகொண்டிருந்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “மொத்த பாக்கியையும் இஎம்ஐயா மாத்திக் குடுங்க.” ஆண்டுக்கு 18 சதவீதம், 24 மாதம் என்று எனக்குக் கிடைத்தது. தவணை 3,994, ஜிஎஸ்டி சேர்த்து முதல் மாதம் 4,210. ஏறக்குறைய அதே நாலாயிரம்தான், ஆனால் இரண்டு வருடத்தில் கடன் தீர்ந்துவிடும். பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவு என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வேலையே போய்விட்டது என்றால் வழி வேறு. 90 நாள் கட்டாமல் போனால் பேங்க் அதை வாராக்கடனாக எழுதும். அதன்பிறகு, குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ளும் ‘செட்டில்மென்ட்’ பேச்சு சுலபமாக வரும். என் மச்சான் இங்கேதான் மாட்டினார். காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு நின்றவருக்கு வசூல் ஏஜென்ட் போன்: “சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள 20,000 போட்டுடுங்க சார், மீதிய நான் க்ளோஸ் பண்ணிடுறேன்.” கையில் வஞ்சிர மீன் பையோடு அங்கேயே அனுப்பிவிட்டார். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் 20,000 வரவு, மீதி பாக்கி வட்டியோடு அப்படியே. அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

ஆகவே செட்டில்மென்ட்டுக்கு ஒத்துக்கொண்டதாக பேங்கிலிருந்து கடிதம் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நீங்களே பேங்கின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடலாம். மச்சானுக்கு இரண்டாம் தடவை நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

“மே மாதம் முதல் வேலை இல்லை. என்னால் ஒரே தடவையில் 30,000 கட்ட முடியும். இதை முழுத் தீர்வாக ஏற்று, இதன்பின் பாக்கி இல்லை என்று எழுத்தில் தரவும்.”

வரும் பதில் பேங்கின் சொந்த மெயிலிலிருந்து வந்ததா, கார்டின் கடைசி நாலு எண், தொகை, கெடு தேதி இருக்கிறதா பாருங்கள். பணத்தை கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். ஏஜென்ட்டின் யுபிஐக்குப் போகக் கூடாது. கட்டியதும் நோ டியூ சர்டிஃபிகேட் கேட்டு வாங்குங்கள்.

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் ஏஜென்ட்கள் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மிரட்டினால் தேதி, நேரம், நம்பர் மூன்றையும் குறித்து பேங்குக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் பேங்க் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். அதற்கு ரிசர்வ் வங்கி இருக்கும் ராஜாஜி சாலைக்கு பஸ் ஏற வேண்டாம். ஆன்லைனிலேயே முடியும், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

செட்டில்மென்ட்டுக்கு ஒரு விலை உண்டு. நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டில் ‘க்ளோஸ்டு’ என்று வராமல் ‘செட்டில்டு’ என்று வரும். வருடத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட்டை இலவசமாகவே பார்க்கலாம். மச்சானுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. போன மாதம் பைக் லோன் கேட்கப் போனார், முதல் கேள்வியே அந்த வார்த்தையைப் பற்றித்தான். தள்ளுபடியான தொகையையும் கட்டி அதை மாற்றித் தரச் சொல்லி மறுபடி மெயில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.