பிரைவசி கிளாஸ் ஒட்டியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை

பேருந்திலும் மின்சார ரயிலிலும் தங்கள் செல்பேசியைப் பிறர் எட்டிப் பார்ப்பதை உணர்ந்தவர்கள், முதல் வேலையாகக் கடைக்குச் சென்று, பக்கவாட்டில் இருப்பவருக்குத் திரையை மறைக்கும் பிரைவசி கிளாஸ் என்ற கண்ணாடியை ஒட்டிக்கொள்கிறார்கள். ஒட்டுவதில் தவறில்லை; அது எதை மறைக்கும், எதை மறைக்காது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் தவறு. வெயில் மறைக்கச் சன்னலில் தொங்கவிடும் செங்குத்துப் பட்டைகளைப் போல, கண்ணுக்குத் தெரியாத அளவில் நுண்ணிய பட்டைகள் அதனுள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நேரே பார்ப்பவருக்கு ஒளி வரும். பக்கவாட்டில் ஏறக்குறைய 30 பாகைக்கு மேல் விலகியிருப்பவருக்குத் திரை கறுத்துவிடும். ஆகவே பக்கத்து இருக்கைக்காரர் தடுக்கப்படுகிறார். ஆனால், உங்களுக்கு நேர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஏறக்குறைய நீங்கள் பார்க்கும் கோணத்திலேயே பார்ப்பதால், அவருக்கு எதுவும் மறைவதில்லை. சாதாரண வகைக் கண்ணாடியில், படம் பார்ப்பதற்காகச் செல்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் பக்கத்து மறைப்பும் போய்விடும்.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. திரைக்கு அடியிலேயே கைரேகை உணரி உள்ள செல்பேசிகளில், சில கண்ணாடிகளை ஒட்டிய பிறகு ரேகை சரியாகப் பதியாது. இரண்டு முறை முயன்று சலித்தவர், கூட்டத்தின் நடுவிலேயே பூட்டு எண்ணை அழுத்தத் தொடங்குவார். மறைப்பதற்காக வாங்கிய பொருளே, மறைக்க வேண்டிய எண்ணை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. ஒட்டும்போதே கடையில் ரேகையை வைத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

எண்ணுக்குப் பதிலாகக் கோடு இழுத்துத் திறப்பது பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு புள்ளிகளை இணைக்கும் கோட்டை ஒரே முறை பார்த்தவர்களில் ஏறக்குறைய 64 விழுக்காட்டினர் அதைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். ஆறு இலக்க எண்ணிலோ 11 விழுக்காட்டினரால்தான் அது முடிந்தது. விரல் போகும் தடம் திரையில் தெரியாதபடி செய்தபோது, 64 என்பது 35 ஆகக் குறைந்தது. பல ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் அந்தத் தடத்தை மறைக்கும் வசதி பூட்டு அமைப்புகளிலேயே இருந்தும், அதைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு.

செல்பேசிப் பூட்டுக்கும் யுபிஐ பரிவர்த்தனைக்கும் ஒரே எண்ணை வைத்திருப்பதைப் பெருந்தவறு என்றே சொல்வேன். யுபிஐ ரகசிய எண் (பின்) திரையில் புள்ளிகளாகத்தான் தெரியும் என்றாலும், விரல் போகும் இடங்களைக் கவனிப்பவருக்குப் புள்ளிகள் ஒரு தடையல்ல. பூட்டு எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு பிறகு செல்பேசியைப் பறித்துச் செல்லும் திருட்டு, 2023-இல் அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்டது. அதன் பிறகே 2024 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம், பழக்கமில்லாத இடத்தில் முக்கிய மாற்றங்களைச் செய்ய முகம் அல்லது கைரேகையைக் கட்டாயமாக்கும் பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது. டீக்கடையில் சில்லறைத் தொகை செலுத்துவோர், சிறு தொகைகளை ரகசிய எண் இல்லாமலே செலுத்தும் யுபிஐ லைட் வசதியைப் பயன்படுத்தினால், கடை வாசலில் எண்ணை அழுத்த வேண்டிய தேவையே இருக்காது.

பூட்டிய திரையிலேயே ஓடிபியும் வாட்ஸ்அப் செய்தியும் முழுதாகத் தெரியும்படி விட்டுவிட்டு, செல்பேசியை மேசையில் மல்லாக்க வைப்பது அடுத்த தவறு. அறிவிப்பு வந்ததை மட்டும் காட்டி, உள்ளடக்கத்தை மறைக்குமாறு அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்; கைக்கடிகாரத்துடன் இணைத்திருப்பவர்கள் அதிலும் மாற்ற வேண்டும்.

ஒரேயொரு படத்தைக் காட்டுவதற்காகச் செல்பேசியையே கையில் கொடுத்துவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. வாங்கியவர் விரல் தன்னால் அடுத்த படத்துக்குப் போகும். ஆண்ட்ராய்டில் அந்த ஒரு செயலியை மட்டும் திரையில் நிலைநிறுத்தும் (ஆப் பின்னிங்) வசதியை இயக்கிக் கொடுத்தால் வேறு செயலிக்குள் நுழைய முடியாது. ஆனால் மற்ற படங்கள் அப்போதும் திறந்தே இருக்கும் என்பதால், செல்பேசியை நம் கையில் பிடித்தபடியே காட்டுவது மேல்.