கணையக் கட்டி அறுவைக்குப் பிறகு: கேப்சூல், சாப்பாடு, ஸ்கேன்

அறுவை முடிந்து வீடு திரும்பிய இரண்டு மாதத்தில் எடை இறங்க ஆரம்பித்தால், கட்டி திரும்பிவிட்டதோ என்றுதான் வீட்டில் முதலில் கலங்குவார்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், அதோடு கழிப்பறையையும் கவனியுங்கள். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா? இரண்டு தடவை தண்ணீர் விட்டாலும் போகவில்லையா? அப்படியானால் சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது. இதைச் சரிசெய்ய முடியும்.

இங்கே பேசுவது கணையத்தில் ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டியைப் பற்றி. கணையப் புற்றுநோய்களில் இது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்தது இந்த வகைதான். பெரும்பாலும் மெதுவாக வளரும். பரவும் முன் முழுதாக எடுத்துவிட்டால் பத்து, இருபது ஆண்டு வாழ்பவர்கள் உண்டு. அத்தனை ஆண்டும் பாதிக் கணையத்தோடு சாப்பிட வேண்டியிருப்பதால், கணையம் சுரக்கும் செரிமான என்சைமுக்கு ஈடாகப் போடும் கேப்சூலைக் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை.

கிரியோன் போன்ற என்சைம் கேப்சூலில் பெரிய சாப்பாட்டுக்கு 50,000 யூனிட், பலகாரத்துக்கு 25,000 என்பது பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு. 25,000 கேப்சூல் என்றால் முதல் வாய் சோற்றோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. அரை மணி முன்பே விழுங்கினால் மருந்து தனியாக இறங்கிப்போகும். சாப்பிட்டு முடித்தபின் போட்டால் சோறு முந்திக்கொள்ளும். மென்று விழுங்கக் கூடாது. சூடான தே தாரிக்கோடு (பால் டீ) விழுங்கவும் கூடாது, சூடு என்சைமைக் கெடுத்துவிடும். பச்சைத் தண்ணீர் போதும். பால் இல்லாத கோப்பிக்கும் பப்பாளித் துண்டுக்கும் கேப்சூல் வேண்டாம். கெட்டிப்பால் விட்ட தே தாரிக்குக்கு வேண்டும், பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்குக் கட்டாயம் வேண்டும். நாசி கண்டார் சோற்றில் குழம்பைக் கலந்து ஊற்றச் சொன்னால், அந்த எண்ணெய்க்குத் தக்கபடி அளவும் கூடும். கல்யாண விருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டால் நடுவில் இன்னொன்று.

பினாங்கு வெயிலில் காருக்குள் டப்பாவை விட்டுவைக்காதீர்கள். பெரும்பாலான டப்பாக்களில் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சைவக் குடும்பங்களில் இது தெரியவரும்போது மனம் சங்கடப்படும். தைப்பூச விரதத்தில் நிறுத்திவிடலாமா என்றும் தோன்றும். சொல்லாமல் நிறுத்துவதைவிட டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். விரதச் சாப்பாட்டிலும் பால், நெய், தேங்காய் இருக்கிறது. அதைச் செரிக்கவும் என்சைம் வேண்டும்.

மலம் இன்னும் மிதந்தால் எண்ணெயை அடியோடு நிறுத்தாதீர்கள், எடை இன்னும் இறங்கும். அளவைக் கூட்டலாமா, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து சேர்க்கலாமா என்று கேளுங்கள். கொழுப்பு வீணாகும்போது ஏ, டி, ஈ, கே விட்டமின்களும் அதோடு போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை இவற்றோடு பி12, இரும்புச் சத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

கணையத்தை வெட்டியபின் வரும் இனிப்பு நீர் கொஞ்சம் வேறுமாதிரி. இன்சுலினோடு, ரத்தத்தில் சீனியை ஏற்றும் குளுக்ககான் ஹார்மோனும் குறைவதால் சீனி திடீரென்று விழும். இன்சுலின் போடுபவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும்.

மண்ணீரலையும் எடுத்திருந்தால் நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் தடுப்பூசிகளும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியும் தேவை. 38 டிகிரி காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் அறுவை செய்தவர்களுக்குக் குளிர் நடுக்கமும் கண் மஞ்சளும் சேர்ந்து வந்தால் பித்தக் குழாயில் கிருமி புகுந்திருக்கலாம். அன்றே போக வேண்டும்.

ஸ்கேனைப் பலர் ஐந்தாம் ஆண்டோடு விட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டி தாமதமாகவும் திரும்பும், பெரும்பாலும் கல்லீரலில். குறைந்தது பத்து ஆண்டாவது சிடி அல்லது எம்ஆர்ஐ தொடர வேண்டும். இந்தக் கட்டி சுரக்கும் புரதத்தை அளக்கும் குரோமோகிரானின் ஏ ரத்தச் சோதனை கூடுதலாக வந்தால் உடனே பயப்படாதீர்கள்: வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் சாப்பிட்டாலே அது ஏறும். அந்த மருந்தைச் சோதனைக்கு முன் நிறுத்தலாமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

திசு அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். அதில் கட்டியின் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 என்ற எண் இருக்கும்: 3 விழுக்காட்டுக்குக் கீழே கிரேடு 1, 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. பினாங்கில் அறுவை செய்துவிட்டு மகன் வீட்டோடு கோலாலம்பூருக்குக் குடிபோனால், புது டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.