பழைய பிடிஎஃப்பை மலருக்குள் கொண்டுவருவதும், அச்சுக்குப் பிடிஎஃப் எடுப்பதும்: ஸ்கிரைபஸ் செய்முறை

கும்பாபிஷேக மலரோ மணிவிழா மலரோ தயாரிக்க உட்கார்ந்தால் இரண்டு விதமான பிடிஎஃப் வேலை வந்து சேரும். ஒன்று, பிறர் அனுப்பும் பிடிஎஃப்பை நம் பக்கத்துக்குள் வைப்பது. முந்தைய மலரின் பக்கம், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்களின் வாழ்த்து விளம்பரங்கள், ஊர்ப் புள்ளிப் பட்டியல் (ஊரில் உள்ள செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல்) எல்லாம் இப்படித்தான் வருகின்றன. மற்றொன்று, எல்லாம் முடிந்தபின் அச்சகத்துக்கு நாம் பிடிஎஃப் எடுத்துக் கொடுப்பது. அண்மையில் காரைக்குடியில் ஒரு நகரச் சிவன் கோயில் மலரை முடித்துக் கொடுத்தபோது, எழுதிவைத்தால் அடுத்தவருக்குப் பயன்படும் என்று தோன்றிய விஷயங்களை இங்கே சொல்கிறேன். பக்கம் அமைப்பது, ஃபிரேம் போடுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மென்பொருள் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்களில் நான் ஸ்கிரைபஸைத்தான் பரிந்துரைப்பேன். இலவசம் என்பது ஒரு காரணம். அச்சுக்குத் தேவையான தேர்வுகளை ஒளிக்காமல் முன்னால் வைக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் 1.6 பதிப்பையே நிறுவுங்கள். பழைய 1.4 பதிப்பில் யூனிகோட் தமிழ் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையில் அடித்த தமிழ்) சேராது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில்தான் தமிழ் போன்ற மொழிகளின் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் முறை சேர்ந்தது. அது நிலையான பதிப்பாக, 1.6 ஆக, 2024 தொடக்கத்தில் வந்தது. இன்டிசைன் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம். பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போஸர்' தேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7.0இல் இன்னும் வேலை நடக்கும் டிடிபி கடைகள் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். அதில் யூனிகோட் தமிழ் வராது.

வந்த பிடிஎஃப்பைச் சோதிப்பது

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக உள்ளே வைக்கப் போகிறவர்கள் பலர். அச்சில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார்த்தி வைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்ற சொல்லைக் கணினி ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் வைத்திருக்கிறது. அந்த எழுத்துரு இருக்கும்வரை அது 'தமிழ்' என்று தெரியும். எழுத்துருவை உள்ளே சேர்க்காமல் பிடிஎஃப் எடுத்திருந்தால், அனுப்பியவரின் கணினியில் அழகாகத் தெரியும். நம்மிடம் வந்ததும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். பாமினி நம் கணினியிலும் இருந்தால் நமக்கும் நன்றாகவே தெரியும். அச்சகத்தில் பிளேட் போடும் கணினியில் அது இல்லையென்றால் அங்கேதான் சிதறும். எங்களுக்கு வந்த ஒரு பழைய புள்ளிப் பட்டியலில் நடந்தது இதுவே. திரையில் ஒரு பிழையும் கிடையாது. புரூஃபில் இரண்டு பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமாக வந்து நின்றது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பிடிஎஃப்பை அக்ரோபாட் ரீடரில் திறந்து கண்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'ஃபான்ட்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வோர் எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்திலும் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' (எழுத்துரு உள்ளேயே பொதிந்திருக்கிறது) என்று இருக்க வேண்டும். ஒரே ஒரு பெயருக்குப் பக்கத்தில் அது இல்லையென்றாலும் அந்தப் பிடிஎஃப்பைத் தொடாதீர்கள். அனுப்பியவரிடம், எழுத்துருவை உட்பொதித்து மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூலக் கோப்பு அழிந்துவிட்டது, பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதே எழுத்துருவை நம் கணினியில் நிறுவி, பக்கம் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து, அங்கிருந்து 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்துப் புதுப் பிடிஎஃப் எடுத்து, அதன் ஃபான்ட்ஸ் பக்கத்தையும் பார்த்துவிட்டு வையுங்கள்.

உள்ளே வைப்பது

ஸ்கிரைபஸில் பிடிஎஃப்பைக் கொண்டுவர மூன்று வழிகள் கண்ணில் படும். 'ஃபைல் > ஓபன்' கொடுத்து நேரடியாகத் திறக்கலாம். 'ஃபைல் > இம்போர்ட் > கெட் வெக்டர் ஃபைல்' கொடுக்கலாம். பட ஃபிரேம் ஒன்று வரைந்து அதற்குள் வைக்கலாம். முதல் இரண்டிலும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிக் கோட்டு வடிவமாக உடைந்து வரும். கோலப் பார்டர், நிறுவனச் சின்னம் போன்றவற்றுக்கு அது பயன்படும். முழுப் பக்கத்துக்கு வேண்டாம்; ஒரு பட்டியல் பக்கம் ஆயிரக்கணக்கான துண்டுகளாகி மென்பொருளே திணறும். திருத்தலாமே என்ற ஆசையில் திறக்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

முழுப் பக்கத்துக்குப் பட ஃபிரேம்தான் சரி. ஃபிரேமை வரைந்து, அதைத் தேர்ந்தபடியே கண்ட்ரோல், ஐ அழுத்தி, பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுங்கள். பல பக்கம் உள்ள பிடிஎஃப் என்றால் முதல் பக்கம்தான் வரும். வேண்டிய பக்கத்தின் எண்ணைப் படத்துக்கான தேர்வுகளில் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றுமே வரவில்லை என்றால், பிடிஎஃப்பைப் படமாக்கிக் காட்டும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற துணை மென்பொருள் கணினியில் இல்லை என்று பெரும்பாலும் பொருள். விண்டோஸில் அதைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவியபின் 'பிரிஃபரன்ஸஸ் > எக்ஸ்டர்னல் டூல்ஸ்' பக்கத்தில் அது இருக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள்.

வைத்த பக்கம் திரையில் மங்கலாகத் தெரியும். பதற வேண்டாம். திரைக்காக 72 புள்ளி அடர்த்தியில் எடுத்த முன்னோட்டம் அது. அதே எக்ஸ்டர்னல் டூல்ஸ் பக்கத்தில் எண்ணைக் கூட்டினால் தெளிவாகும். அச்சில் எப்படி வரும் என்பதை முடிவு செய்வது வேறோர் இடம். பிடிஎஃப் எடுக்கும் பெட்டியின் 'ஜெனரல்' பக்கத்தில் 'எம்பெட் பிடிஎஃப் அண்டு இபிஎஸ் ஃபைல்ஸ்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதில் குறியிட்டால் வந்த பிடிஎஃப் எழுத்து எழுத்தாகவே உள்ளே போகும். குறியிடாவிட்டால் படமாக மாற்றித்தான் சேர்க்கும். சின்ன எழுத்துகளின் ஓரம் மழுங்கும். பட்டியல் பக்கங்களுக்குக் குறியிடுவது அவசியம் என்பது என் கருத்து.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அப்படிப் போகும் பிடிஎஃப்பின் நிறங்களை ஸ்கிரைபஸ் கவனித்துக்கொள்ளாது. வேர்டில் செய்து அனுப்பிய வாழ்த்து விளம்பரம் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் இருந்தால் அப்படியே அச்சுக்குப் போகும். அதில் உள்ள கறுப்பு எழுத்து நான்கு மையின் கலவையாகப் பிரிந்து, பிளேட் இம்மி விலகினாலும் இரட்டையாகத் தெரியும். ஆகவே விளம்பரம் கேட்கும்போதே சிஎம்ஒய்கே நிறத்தில் (அச்சின் நான்கு மை நிறங்களில்) அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை நகலெடுப்பது

வேண்டாம். யூனிகோடில் எடுத்த பிடிஎஃப்பாக இருந்தாலும் வேண்டாம். 'செட்டிநாடு' என்று பிடிஎஃப்பில் இருப்பதை நகலெடுத்து ஒட்டினால் 'ெசட்டிநாடு' என்று வருவதைப் பார்க்கலாம். எழுத்தைப் பக்கத்தில் வரையும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. பல பிடிஎஃப்கள் அந்த வரிசையையே நினைவில் வைத்திருக்கின்றன. கட்டுரையில் இது நேர்ந்தால் மெய்ப்புத் திருத்துகிறவர் பிடித்துவிடுவார். புள்ளிப் பட்டியலில் நேர்ந்தால் ஆபத்து. நகரத்தார் குடும்பங்களில் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே ஊரில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும். ஆளை அடையாளம் காட்டுவது பெயருக்கு முன்னால் நிற்கும் விலாசம்தான் (முன்னோர் பெயர்களின் சுருக்கம்; முகவரி அல்ல). 'மெ. ராம.' என்ற விலாசத்தில் கொம்பு இடம் மாறினாலோ, ஒரு புள்ளி விழுந்தாலோ அது வேறு வீடு. கோயிலும் பிரிவும் அப்படித்தான். நகரத்தாரின் ஒன்பது குலக் கோயில்களில் இளையாற்றங்குடிக்கு ஏழு பிரிவுகள் இருக்கின்றன. பங்காளி யார், சம்பந்தம் செய்யத்தக்கவர் யார் என்று பார்க்கிறவர்கள் இந்தப் பட்டியலை நம்பித்தான் பார்ப்பார்கள்.

ஆகவே தட்டச்சு செய்த மூலக் கோப்பையே கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்தை 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, டெசராக்ட் போன்ற எழுத்துணரி வழியாக எழுத்தாக மாற்றலாம். கட்டுரைகளுக்கு அது நன்றாகவே உதவுகிறது. விலாசங்களை மட்டும் ஒருவர் படிக்க, மற்றவர் பார்த்துத் தட்டச்சு செய்வதே நல்லது. ஊரில் வயதான ஆச்சி ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. தட்டச்சு செய்யும்போது விலாசத்துக்கும் பெயருக்கும் நடுவில் சாதாரண இடைவெளி விடாதீர்கள். 'இன்சர்ட் > ஸ்பேசஸ்' பட்டியலில் உள்ள உடையாத இடைவெளியை விடுங்கள். விலாசம் ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலுமாகப் பிரியாது.

அச்சுக்குப் பிடிஎஃப் எடுப்பது

'ஃபைல் > எக்ஸ்போர்ட் > சேவ் அஸ் பிடிஎஃப்'. இதைக் கொடுத்ததும் ஸ்கிரைபஸ் தானாகவே ஒரு சோதனை நடத்தி, நிரம்பி வழியும் ஃபிரேம், காணாமல் போன படம் எல்லாவற்றையும் பட்டியலிடும். அதை 'இக்னோர்' கொடுத்துத் தாண்டாதீர்கள்.

பிடிஎஃப் வகையில், அச்சுக்கென வகுத்த எக்ஸ்-1ஏ, எக்ஸ்-3, எக்ஸ்-4 என்ற வகைகளைப் பார்க்கலாம். இவை தெரியவே இல்லை என்று திகைப்பவர்கள் அதிகம். ஆவண அமைப்பில் நிற மேலாண்மையை இயக்கினால்தான் இவை வரும். 'ஃபைல் > டாக்குமென்ட் செட்டப் > கலர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் அதை இயக்கி, சிஎம்ஒய்கே புரொஃபைல் (அச்சில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். எந்தப் புரொஃபைல் என்பதை அச்சகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்த திகைப்பு, எல்லாம் தேர்ந்தபிறகும் 'சேவ்' பொத்தான் மங்கிக் கிடப்பது. 'ப்ரீ-பிரஸ்' பக்கத்தில் 'இன்ஃபோ ஸ்டிரிங்' என்று ஒரு கட்டம் காலியாக இருக்கும். அதில் மலரின் பெயரை எழுதுங்கள், பொத்தான் உயிர்பெறும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நிழலும் ஒளிபுகும் படமும் பயன்படுத்தியிருந்தால் எக்ஸ்-4. அச்சகத்தின் கருவி பழையது என்றால் எக்ஸ்-1ஏ. அதில் ஒளிபுகும் தன்மைக்கு இடமில்லை, ஆர்ஜிபி நிறத்துக்கும் இடமில்லை. தாளின் ஓரத்தை வெட்டும்போது போவதற்கென நான்கு பக்கமும் கூடுதலாக 3 மில்லிமீட்டர் விடுங்கள். அதை ஆவண அமைப்பிலேயே வைத்து, இங்கே 'யூஸ் டாக்குமென்ட் பிளீட்ஸ்' என்பதைத் தேர்ந்தால் போதும். வெட்டுக்குறி போடுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களை ஒட்டி அனுப்ப வேண்டாம். ஃபாரம் (ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள்) கணக்குப்படி அடுக்குவது அச்சகத்தின் வேலை.

எழுத்துருக்களை உட்பொதிக்கும் தேர்வையே வையுங்கள். எழுத்தையெல்லாம் கோட்டுருவமாக மாற்றித் தரச் சொல்லும் அச்சகங்கள் உண்டு. அவர்கள் கேட்டால் மட்டும், தனிப் பிடிஎஃப்பாக எடுத்துக் கொடுங்கள். கோட்டுருவமானால் தேடவும் முடியாது, சின்ன எழுத்து சற்றுத் தடித்தும் தெரியும்.

எடுத்த பிடிஎஃப்பின் ஃபான்ட்ஸ் பக்கத்தை மறுபடி பாருங்கள். பிறகு அந்த எழுத்துருக்கள் எதுவும் இல்லாத வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ திறந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். நம் கணினித் திரை இதற்குச் சாட்சியாகாது.

அச்சுக்கான பிடிஎஃப்பைத் தவிர, படிப்பதற்கான பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வையுங்கள். வெட்டுக்குறி வேண்டாம், நிறத்துக்கான பக்கத்தில் 'ஸ்கிரீன்' தேர்ந்து, படங்களின் அடர்த்தியைக் குறைத்தால் போதும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும்தான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருவாயின. அச்சிட்டதைப் பத்திரப்படுத்தும் வழக்கம் இந்தப் பக்கத்தில் புதிதல்ல. மலரின் மூலக் கோப்பு, எழுத்துருக்கள், படங்கள் மூன்றையும் 'ஃபைல் > கலெக்ட் ஃபார் அவுட்புட்' கொடுத்து ஒரே கோப்புறைக்குள் போட்டு, கோயில் அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அடுத்த கும்பாபிஷேகத்தின்போது மலர் போடுகிறவர் பிடிஎஃப்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு தேவகோட்டையிலிருந்து ஒருவர், கோரல்டிராவில் பிடிஎஃப்பை இறக்கினால் கொம்பெல்லாம் இடம் மாறுகிறது என்று எழுதியிருந்தார். கோரல் இறக்கும்போது, எழுத்தை எழுத்தாக வைக்கவா, கோடாக மாற்றவா என்று கேட்கும். 'கர்வ்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திருத்த முடியாது, ஆனால் வடிவம் குலையாது.

இன்னொருவருக்குப் பட்டியல் பக்கத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் வருகிறதாம். வந்த பிடிஎஃப்பிலேயே வெட்டுக்குறியும் ஓரமும் இருந்திருக்கும். ஸ்கிரைபஸில் ஃபிரேமை வெட்டு அளவுக்குச் சுருக்கி, உள்ளே படத்தை நகர்த்தினால் ஓரம் மறையும். இன்டிசைனில் 'பிளேஸ்' கொடுக்கும்போது 'ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்' குறியிட்டு, 'கிராப் டு' பட்டியலில் 'டிரிம்' தேர்ந்தால் தானாகவே வெட்டிக்கொள்ளும். பக்கத்தின் ஓரம்வரை நிறம் ஓடும் விளம்பரமென்றால் 'டிரிம்' வேண்டாம், வெட்டுக்கான கூடுதல் ஓரத்தையும் சேர்க்கும் 'பிளீட்' தேர்ந்தெடுங்கள்.