ஆம்புலேரியா குடுவைச் செடியை அதன் நிறத்தோடு வளர்க்க

பினாங்கின் சூடும் ஈரமும் நெப்பந்தஸ் ஆம்புலேரியாவுக்கு ரொம்பப் பிடிக்கும். நம் மலாய் தீபகற்பத்துத் தாழ்நிலக் காடுகளிலேயே வளர்கிற, குடுவைக்குள் விழும் பூச்சியைச் சாப்பிடுகிற செடி இது. ஆயர் ஈத்தாமில் என் வீட்டு வாசலில் முழுப்பச்சை, முழுச்சிவப்பு, பச்சையில் சிவப்புப் புள்ளி எல்லாம் வைத்திருக்கிறேன். ஆனால் எனக்கு உயிர், பச்சைக் குடுவையில் வாய் விளிம்பு மட்டும் சிவந்திருக்கும் வகைதான்.

நிறத்துக்காக வாங்குகிறவர்கள் விதைநாற்றை விட்டுவிட்டு, தண்டு வெட்டி வளர்த்த கன்றைக் கேளுங்கள். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விதையில் இரண்டின் குணமும் கலந்துவிடும். என்ன நிறம் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தண்டுக் கன்றோ தாய்ச்செடியின் நிறத்தையே கொண்டுவரும். காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை வாங்கவே வாங்காதீர்கள்.

தேங்காய் மட்டைத் துண்டு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்), ஸ்பேக்னம் பாசி கலந்து நடுங்கள். மழைத்தண்ணீர் ஊற்றுங்கள், வேருக்கு உரம் வேண்டாம்.

சிவப்பு வகைக்குக் காலை வெயில் படட்டும். நிழலில் நிறம் மங்கிவிடும். பச்சையைச் சிவக்க வைக்கலாம் என்று வெயிலில் வாட்டாதீர்கள், இலைதான் கருகும். அப்புறம், குடுவைக்குள் சருகு விழுந்தால் எடுத்துப் போடாதீர்கள். ஆம்புலேரியாவுக்கு அதுவும் சாப்பாடு.