ஓடில்லா நத்தையைப் படமெடுக்க

மலேசியாவின் பீடோர் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் மழை விட்ட இரவுதான் நல்ல நேரம். கீழே கிடக்கும் மட்டைகளைச் சுற்றித் தேடுங்கள், பூட்ஸ் போட்டுக்கொண்டு. பாம்பும் அங்கேதான் இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம், ஈர உடம்பு பளபளத்துப் படம் கெட்டுவிடும். டார்ச்சில் டிஷ்யூ சுற்றிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேல்கொம்புகளின் நுனியில்தான் கண், ஃபோகஸ் அங்கே. அப்புறம் வலப்பக்கம்: பல இனங்களுக்கு மூச்சுத்துளை அங்கே இருக்கும். தோல் துண்டு போன்ற தட்டையான வகைக்கோ அது பின்நுனியில். கண்ணாடித் துண்டில் ஊரவிட்டு அடிப்பாகத்தையும் எடுத்தால் இனம் காண்பது எளிது. வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். எலி நுரையீரல் புழு இவற்றின் உடலில் இருக்கலாம். வாய்வழியே உள்ளே போனால் மூளையுறை அழற்சி வரை போகும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கண்ணாடியையும்தான்.