மெஷினில் அழியாத சந்தனப் பொட்டு

நெல்லைப் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் சிஎன்சி மெஷினை, அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் மெஷினைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு பொங்கல் கழிந்தும் அப்படியே இருந்தது. எண்ணெய்க் கை பட்டிருந்தால் ஒரு வாரத்தில் போயிருக்கும். சாவி ஒரே ஒருவரிடம். பையன்கள் தொட்டால் கெட்டுவிடுமாம்! தொடாமலே கெட்டுப்போகிற மெஷின்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

71 அரசு ஐடிஐக்களை 'தொழில் 4.0' (ரோபோ, சென்சார், கம்ப்யூட்டர் சேர்ந்த உற்பத்தி) மையங்களாக மாற்ற 2022-இல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் ஒப்பந்தம் போட்டது. திட்டத்தின் மொத்தச் செலவு சுமார் 2,877 கோடி ரூபாய். கருவி இல்லை என்ற பழைய குறை தீர்ந்து வருகிறது. வந்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் சறுக்கல்.

பெரிய சறுக்கல், மெஷினைத் திரையில் ஓட்டிக் காட்டும் சிமுலேட்டரே போதும் என்று விட்டுவிடுவது. மெஷினை இயக்கும் பல கன்ட்ரோலர்களில் தசமப் புள்ளி வைக்காமல் எக்ஸ்50 (எக்ஸ் திசையில் 50) என்று அடித்தால் அது 50 மில்லிமீட்டர் ஆகாது, 0.05 மி.மீ. தான். ஜி01 (சொன்ன வேகத்தில் வெட்டு) வர வேண்டிய இடத்தில் ஜி00 (வெட்டாமல் வேகமாக நகர்) விழுந்தால் வெட்டும் டூல் முழு வேகத்தில் போய் ஜாபில், அதாவது வெட்ட வைத்த உலோகத் துண்டில் மோதும். கம்ப்யூட்டரில் அது ஒரு சிவப்புக் கோடு, ரீசெட் அடித்தால் சரி. "சார், ஸ்கிரீன்ல சரியாத்தான வந்துச்சு?" என்பான் பையன். "ஏல, ஸ்கிரீன்ல டூல் உடையாதுல!"

முதலில் கையால் ஓட்டும் சாதா லேத்தில் (கடைசல் மெஷினில்) நிற்கட்டும். டூல் மழுங்கும்போது சத்தம் மாறுவதைக் காது பழகட்டும், வெர்னியர் அளவுகோலில் 0.02 மி.மீ. படிக்கட்டும். அப்புறம் சிமுலேட்டர். அதற்கும் பிறகு மெஷினில் முதல் ஜாபை சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு கட்டளை வரியாக), ரேபிட் வேகத்தை, அதாவது ஜி00 வேகத்தைக் குறைத்து ஓட்டட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

பயிற்றுநரைப் பற்றியும் யாரும் யோசிப்பதில்லை. கம்பெனி ஆள் வந்து இரண்டு நாள் காட்டிவிட்டுப் போனால் ஆயிற்றா? பயிற்றுநரை ஒரு மாதம் ஏதாவது பட்டறையில் வேலை பார்க்க அனுப்ப வேண்டும். ஸ்டெபிலைசர், பராமரிப்பு, மென்பொருள் உரிமம் புதுப்பித்தல் ஆகியவற்றுக்கும் வாங்கும்போதே பணம் ஒதுக்க வேண்டும்.

ரோபோ எல்லா ஊருக்கும் வேண்டியதில்லை. நெல்லைப் பக்கம் கங்கைகொண்டானில் சோலார் செல் ஆலை இருக்கிறது. ராதாபுரம், பணகுடிப் பக்கம் ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுற்றுகின்றன. இங்கே எலக்ட்ரீஷியன் படிக்கிறவனுக்கு இன்வெர்ட்டரும் சென்சாரும்தான் முதலில் கைக்கு வர வேண்டும்.

கடைசியாக, மொழி. மெஷின் அலாரம் ஆங்கிலத்தில் வரும்; தமிழில் படித்த பையன் மிரண்டு ஆஃப் செய்துவிடுவான். அடிக்கடி வருகிற பத்து அலாரங்களுக்கு அர்த்தமும், உடனே என்ன செய்ய வேண்டும் என்பதையும் தமிழில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். அதைப் பையன்களையே எழுத விடுங்கள்.