சிறைக்குள் அடுத்தடுத்துத் தண்டனையா? குடும்பத்தார் கோட்டை விடும் இடங்கள்

கைதிக்குத் தண்டனை என்று சொல்லி, "இந்த வாரம் மனு (கைதியை நேரில் பார்ப்பது) கிடையாது" என்று சிறை வாசலில் சொன்னால் பல குடும்பங்கள் பேசாமல் திரும்பிவிடுகின்றன. ஒரு வாரம்தானே, எதற்குப் பகை என்ற நினைப்பு. அங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது. 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 51-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு தண்டனையும் பதிவேட்டில் ஏற வேண்டும். இதற்கு முன் எத்தனை சிறைக் குற்றம், கடைசிக் குற்றம் எந்தத் தேதி என்பதும் அதிலேயே எழுதப்படும். இன்று கேட்காமல் விட்டது அடுத்த முறை 'பழைய குற்றம்' ஆகிவிடும். அப்புறம் அதை அழிப்பது லேசான வேலை இல்லை.

வார்டர் (சிறைக் காவலர்) வாயால் சொன்னதையே உத்தரவு என்று நம்பிவிடாதீர்கள். சிறைக் கண்காணிப்பாளருக்குக் கீழே உள்ள யாருக்கும் தண்டனை தரும் அதிகாரம் கிடையாது. உத்தரவிட்டது யார், என்ன குற்றச்சாட்டு, பதில் சொல்ல வாய்ப்பு தரப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள்.

தனியறையில் அடைத்தால் நாள் கணக்கு முக்கியம். அதே சட்டத்தின் 46-ஆவது பிரிவு ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. 10 நாள் அடைத்திருந்தால், வெளியே வந்து குறைந்தது 10 நாளாவது கழியாமல் மறுபடி அதே தண்டனை தர முடியாது. உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி இரண்டையும் கைதியை நேரில் பார்க்கும்போதே கேட்டு, வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். "இது தண்டனை இல்லை, பாதுகாப்பு" என்று சொன்னாலும் குறிப்பதை நிறுத்தாதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சுனில் பத்ரா என்ற கைதியின் வழக்கில் வந்த தீர்ப்பைப் பலரும் பயன்படுத்தாமலே விடுவதுதான். சக கைதி ஒருவர் சித்திரவதைக்கு ஆளானதைப் பற்றி பத்ரா சிறையிலிருந்து எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. தனியறையோ சலுகை மறுப்போ தண்டனையாக வேறு சிறைக்கு மாற்றுவதோ, எதுவானாலும் அமர்வு நீதிபதியின் (செஷன்ஸ் நீதிபதியின்) பரிசீலனை வேண்டும்; அவசரம் என்றால் 2 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் 1979 டிசம்பரில் சொன்னது. ஆகவே "அமர்வு நீதிபதிக்குத் தகவல் போனதா?" என்பதை, தண்டனையை எதிர்த்து நீங்கள் எழுதிக் கொடுக்கும் மனுவின் முதல் கேள்வியாக வையுங்கள்.

மனுவில் குடும்பக் கஷ்டத்தையெல்லாம் கொட்டாதீர்கள். தேதி, தண்டனை, கேட்கும் நிவாரணம், இவ்வளவு போதும். வக்கீலுக்குப் பணமில்லை என்று தள்ளிப்போடவும் வேண்டாம். காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.